யாழ் பல்கலைக்கழகக் கலைப்பீடம்: சிறப்புக் கற்கைக்குப் போனால் நான்காவது வருடம் எப்படி இருக்கும்?

கேள்வி: முல்லைக்கடல்

கலைப்பீடத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன். ஊர் முல்லைத்தீவு. புவியியலில் நல்ல பெறுபேறு வந்திருப்பதால் சிறப்புக் கற்கைக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். பொதுப் பட்டம் மூன்று வருடம், ஒரே பாடத்தில் ஆழமாகப் போகும் சிறப்புப் பட்டம் நான்கு. அப்பா கடற்றொழில் செய்கிறார், தங்கை உயர்தரம் படிக்கிறாள். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் வருடத்தைப் பற்றி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். சிறப்பு மாணவர்களின் நாளாந்த வாழ்க்கை எப்படி? சனி, ஞாயிறில் பிரத்தியேக வகுப்பு எடுக்க நேரம் மிஞ்சுமா?

பதில்: புத்தூர்க் கிணறு

தம்பி, நான் புவியியலில் சிறப்புக் கற்கை முடித்தவள். கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகளை கிரெடிட் என்பார்கள். பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், சிறப்புக்கு 120. மிச்சம் முப்பதும் இன்னும் கொஞ்ச விரிவுரைகள்தானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. பெரிய மண்டபத்தில் பின்வரிசையில் ஒளிந்திருந்த காலம் முடிகிறது. வகுப்பு சிறுத்துவிடும், வராதவர் யார் என்று விரிவுரையாளர் இடாப்பைப் பார்க்காமலே சொல்வார். வாசிக்காமல் போனால் முகத்திலேயே தெரிந்துவிடும். அந்தச் சிறு கூட்டத்தோடு சேர்ந்து சண்டை பிடித்து, குறிப்பு மாற்றி, பரமேஸ்வராச் சந்தியில் தேநீர் குடித்து வளர்வதுதான் சிறப்புக் கற்கையின் பாதி.

மற்றப் பாதி ஆய்வேடு. நான் எடுத்தது கிணற்று நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கிய அதே தண்ணீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியா அந்தத் தண்ணீருக்குள்தான் இறங்குகிறது, மலக்குழியில் இருந்து கசிவதும் அங்கேதான் போகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கிணறுகளில் நிலைமை என்ன என்பதுதான் என் கேள்வி.

ஆய்வு முன்மொழிவை முன்வைத்த அன்று துறையில் கேட்ட முதற் கேள்வி: "ஏன் இந்தக் கிராமம்?" என் ஊர் என்று சொன்னால் எடுபடாது. மண் என்ன, பயிர் என்ன, கிணறுகளின் அடர்த்தி என்ன என்று அடுக்க வேண்டும். பிறகு சைக்கிளில் போத்தல்களைக் கட்டிக்கொண்டு புறப்பாடு. போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் அலசி, நிரப்பி, இலக்கம் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். கல் கட்டிய நாடாவை இறக்கி நீர்மட்டத்தையும் அளக்க வேண்டும். ஒரு வீட்டில் ஆச்சி துலாவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நின்றபடியே, "அளந்துகொண்டு போ பிள்ளை, ஆனால் எங்கள் கிணறு பழுது என்று மட்டும் எழுதிப்போடாதே. பேத்திக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார். வீடுகளை இலக்கத்தால் மட்டும் குறிப்பது ஏன் என்பது எந்த ஆய்வு முறையியல் வகுப்பிலும் எனக்கு அவ்வளவு தெளிவாக விளங்கவில்லை.

இன்னொன்று. கோடையில் ஒரு தடவை, மாரி முடிந்து ஒரு தடவை என்று அளந்தால்தான் ஒப்பிடலாம். வானம் உங்கள் அரையாண்டு அட்டவணையைப் பார்த்துப் பெய்யாது. ஆகவே மூன்றாம் வருடத்திலேயே தலைப்பைப் பிடித்துவிடுங்கள்.

பிரத்தியேக வகுப்பா? மூன்றாம் வருடம் வரை தாராளமாக எடுக்கலாம். நான் சாதாரணதரப் பிள்ளைகளுக்கு எடுத்தேன். களவேலை தொடங்கியதும் குறைத்துவிட்டேன், ஆய்வேடு எழுதும் மாதங்களில் அடியோடு இல்லை. அந்த மாதங்களுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.

பதில்: சோக்குக்கட்டி

அக்கா சொல்வது சரி, ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் பொதுப் பட்டத்தோடு வெளியேறிப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். புவியியல், தமிழ், வரலாறு என்று மூன்று பாடம் படித்தது வகுப்பறையில் இன்றும் கைகொடுக்கிறது. ஆசிரியராவதுதான் எண்ணம் என்றால் நான்காவது வருடம் கட்டாயமில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக வேண்டும், மேலே ஆய்வுப் பட்டம் செய்ய வேண்டும் என்றால் மட்டும் சிறப்புப் பட்டமும் அதில் நல்ல வகுப்பும் தேவை. தரப்புள்ளிச் சராசரி (GPA) 4க்கு 3.70 என்றால் முதல் வகுப்பு, 3.30 என்றால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. வெறுமனே சித்தி பெறுவதற்காக ஒரு வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

பதில்: முல்லைக்கடல்

இருவருக்கும் நன்றி. அக்கா, எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் இடறும். மடிக்கணினியும் பழையது. தலைப்பு எங்கே தேடுவது என்றும் தெரியவில்லை.

பதில்: புத்தூர்க் கிணறு

தலைப்பு உங்கள் வாசலிலேயே கிடக்கிறது. நந்திக்கடல் களப்பின் முகத்துவாரம் எப்போது உடைக்கிறது, உடைத்த பிறகு இறால் பாடு எப்படி மாறுகிறது என்று அப்பாவிடம் கேட்டு, மாதம் மாதமாக ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். அவர் சொல்வது அப்படியே ஆய்வு ஆகிவிடாது, மழைவீழ்ச்சித் தரவோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஆனால் "ஏன் இந்தக் கிராமம்?" என்ற கேள்விக்குப் பதில் அங்கிருந்துதான் வரும்.

ஆங்கிலக் கட்டுரை என்றால் முதலில் சுருக்கத்தையும் வரைபடங்களையும் மட்டும் பாருங்கள். மற்றது மெல்ல வரும். நாங்கள் இருவர் இருவராக உட்கார்ந்து வாசித்தோம்.

பதில்: படவரைஞன்

மடிக்கணினிக்காகக் கடன் வாங்காதீர்கள். வரைபடம் செய்யும் கியூஜிஐஎஸ் (QGIS) இலவச மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும். 1:50,000 இடவிளக்கப்படத்தை வருடி (ஸ்கான் செய்து) அதில் ஏற்றி, கரையோரத்தைக் கையால் வரைந்து பழகுங்கள். கோப்பை மட்டும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.