உதவி: தெற்கு லோனாக் ஏரி வரைபடம் – மொரைனையும் கற்சரிவையும் பிரிக்க முடியவில்லை

கேள்வி

வணக்கம். சிக்கிமில் சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் தெற்கு லோனாக் ஏரியை முதுகலை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். 2023 அக்டோபர் 3 இரவு வடகரையின் பக்க மொரைன் (பனியாறு கொண்டுவந்து ஓரத்தில் குவித்த மண்-கல் மேடு) சரிந்து ஏரிக்குள் விழுந்தது, ஏரி உடைந்தது, கீழே சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 நீர்மின் திட்டத்தின் அணையே போய்விட்டது. அடுத்து எந்தச் சரிவிலிருந்து மண்ணும் கல்லும் தண்ணீருக்குள் வரக்கூடும் என்பதைத் தெளிவாகக் காட்டும் ஒரு வரைபடம் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கையில் இருப்பது கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் உயரத் தரவு, நவம்பர் மாதத்து சென்டினல்-2 செயற்கைக்கோள் படம், கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருள். மாட்டிக்கொண்ட இடங்கள் இவை. சரிவு வரைபடம் போட்டால் எல்லா இடமும் 89, 90 டிகிரி என்று வருகிறது. ஹில்ஷேடை (உயரத் தரவிலிருந்து வெளிச்சமும் நிழலுமாக வரையும் நிலத்தோற்றம்) படத்தின் மேல் வைத்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரிகிறது. ஏரியின் தென்புறச் சரிவில் நீர்க் குறியீடு (படத்திலிருந்து தண்ணீரை அடையாளம் காணும் கணக்கு) தண்ணீர் இருப்பதாகச் சொல்கிறது, ஆனால் அங்கே தண்ணீர் கிடையாது. எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி, வடகரை முழுக்க ஒரே சாம்பல் நிறம். எது மொரைன், எது மேலே பாறையிலிருந்து உதிர்ந்த கற்சரிவு, எது கல் மூடிய பனிக்கட்டி என்று கோடு போட முடியவில்லை.

பதில் 1

முதல் மூன்றும் சுலபம். அந்த உயரத் தரவு அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் வருகிறது, உயரம் மட்டும் மீட்டரில். அதனால்தான் எல்லாம் செங்குத்தாகக் காட்டுகிறது. மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆள்கூற்று முறையின் 45 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி சரிவு போடுங்கள். மாற்றும்போது பைலீனியர் (சுற்றியுள்ள பிக்சல்களின் சராசரியை எடுக்கும்) முறையைத் தேர்ந்தெடுங்கள், ‘அருகிலுள்ள பிக்சல்’ முறையில் மாற்றினால் ஹில்ஷேடில் கோடு கோடாக விழும்.

ஹில்ஷேடில் வெளிச்சம் வடமேற்கிலிருந்து, அதாவது 315 டிகிரியிலிருந்து வருவதாக மென்பொருள் வைத்துக்கொள்ளும். சென்டினல் காலை பத்தரை வாக்கில் கடக்கிறது, நவம்பரில் அப்போது சூரியன் தென்கிழக்கில். இரண்டு வெளிச்சமும் எதிரெதிர், கண் குழம்பத்தான் செய்யும். படத்தின் விவரக் கோப்பில் சூரியத் திசை இருக்கும், அந்த எண்ணையே ஹில்ஷேடுக்கும் கொடுங்கள்.

தென்புறத்துத் ‘தண்ணீர்’ வெறும் நிழல். அந்தச் சரிவு வடக்கு பார்த்தது. தண்ணீர் என்று வந்த பிக்சல்களில் சரிவு 10 டிகிரிக்கு மேல் இருப்பவற்றைக் கழித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பதில் 2

தம்பி, நிறத்தை வைத்து மொரைனையும் கற்சரிவையும் பிரிக்கப் பார்க்காதீர்கள். இரண்டும் அதே மலையின் பாறைதான், செயற்கைக்கோளுக்கு நிறம் ஒன்றாகத்தான் இருக்கும். வடிவத்தையும் அது எங்கே அமர்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள்.

கற்சரிவுக்கு மேலே கட்டாயம் ஒரு பாறைச் சுவரோ ஓடை வாயோ இருக்கும். அங்கிருந்து விசிறியாக விரிந்து இறங்கும், சரிவு 35 டிகிரியை ஒட்டி நேராக இருக்கும், பெரிய கற்கள் அடிவாரத்துக்கு உருண்டு போயிருக்கும். பக்க மொரைனுக்கு மேலே எதுவும் தேவையில்லை. அது தனக்கென்று ஒரு கூரான முகடு வைத்திருக்கும், பள்ளத்தாக்கு ஓரமாகவே நீளும். ஏரி பார்த்த உட்பக்கம் செங்குத்தாக, நெருக்கமான நீர்க்கோடுகள் கீறியதாக இருக்கும். வெளிப்பக்கம் சாய்வு குறைவு, சில இடங்களில் புல்கூட இருக்கும். முகட்டுக்கும் மலைக்கும் நடுவே நீளமான ஒரு தாழ்வு கிடைத்தால் சந்தேகமே வேண்டாம், அது மொரைன்தான்.

இதில் 30 மீட்டர் தரவை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். முகட்டின் அகலம் சில மீட்டர்தான், தரவில் அது மழுங்கிப்போகும். உயரத் தரவில் தாழ்வைத் தேடுங்கள், முகட்டுக் கோட்டைக் கூகுள் எர்த்தின் துல்லியமான படத்தில் வரையுங்கள்.

கல் மூடிய பனிக்கட்டியை மேற்பரப்பே காட்டிக்கொடுக்கும். குண்டும் குழியுமாக இருக்கும், சின்னச் சின்னக் குட்டைகள் ஒரு வருடம் தோன்றி அடுத்த வருடம் காணாமல் போகும், நடுவே கறுத்த பனிச்சுவர்கள் தெரியும். ஒரே மாதத்துப் படங்களை வருட வரிசையில் அடுக்கி மாற்றி மாற்றிப் பாருங்கள். நகர்ந்தால் உள்ளே பனி இருக்கிறது.

வடகரை விஷயத்தில் இது முக்கியம். சரிந்து விழுந்தது உறைந்த மொரைன், விழுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அது ஊர்ந்துகொண்டிருந்தது படங்களில் தெரிகிறது. எனவே ‘மொரைன்’ என்று ஒரு பெயர் எழுதி முடித்துவிடாதீர்கள். வடிவம், உள்ளே என்ன இருக்கிறது, அசைகிறதா என்று மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள்.

கேட்டவர்

சரிவு இப்போது ஒழுங்காக வருகிறது, மிக்க நன்றி. வடகரையில் தாழ்வும் கிடைத்தது, அண்ணா. புதுச் சந்தேகம் ஒன்று: ஏரியின் மேற்கு முனையில், தண்ணீர் இருக்கும் இடத்திலேயே உயரத் தரவு சாய்வான மேடு காட்டுகிறதே?

பதில் 1

அது பழைய பனியாறு. கோப்பர்னிக்கஸ் தரவுக்கு அடிப்படையான ரேடார் பதிவுகள் 2011 முதல் 2015 வரை எடுத்தவை. அதன்பின் பனியாறு பின்வாங்க, ஏரி மேற்கே நீண்டது. எஸ்ஆர்டிஎம் என்ற இன்னொரு உயரத் தரவுக்குப் போகாதீர்கள், அது 2000 பிப்ரவரி, இன்னும் பழையது. வரைபடத்தின் ஓரத்தில் படத்தின் தேதியையும் உயரத் தரவின் தேதியையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள். வடகரையைப் பொறுத்தவரை பழைய தரவு நல்லதுதான், சரிவதற்கு முன் முகடு எப்படி இருந்தது என்று அதில்தான் இருக்கிறது.

கேட்டவர்

சரி. அப்புறம், மண் வரும் இடங்களை எப்படிக் குறிப்பது? உதிரியாகத் தெரியும் எல்லாவற்றுக்கும் நிறம் கொடுத்தால் வரைபடம் முழுக்கச் சிவப்பாகிறது.

பதில் 3

உதிரியாக இருப்பது மட்டும் போதாது. அது இப்போது உடைந்துகொண்டிருக்கிறதா, உடைந்தால் தண்ணீரை எட்டுமா என்ற இரண்டுக்கும் விடை வேண்டும்.

எட்டுமா என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மேலே சொன்ன தாழ்வையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து உதிரும் கற்கள் எத்தனை இருந்தாலும் அந்தத் தாழ்வில் விழுந்து அங்கேயே தங்கிவிடும், மொரைன் முகடு தாண்டி ஏரிக்கு வராது. அதனால் பார்வைக்குப் பயமுறுத்தும் கற்சரிவு உங்கள் ஏரிக்கு இன்றைக்கு மூலமே அல்ல. அமைதியாகத் தெரியும் உட்பக்கச் சரிவுதான் மூலம். முகட்டுக் கோட்டில் மொரைனை இரண்டு பாலிகனாக (வரைபடத்தில் எல்லை வரைந்த பரப்பு) வெட்டுங்கள், உட்பக்கம் ஏரிக்கு, வெளிப்பக்கம் தாழ்வுக்கு. இதைச் செய்தாலே பாதிச் சிவப்பு போய்விடும். 2023இல் முகடு உடைந்த இடத்தில் மட்டும் தாழ்வுக்கு வாசல் திறந்துவிட்டதா என்று தனியாகப் பாருங்கள்.

உடைவதற்கு அடையாளம்: கூர்மையான, புல் இல்லாத ஓடைத் தலைகள், அடியில் வெளிர்நிறப் புது விசிறி, ஏரிக்குள் நீளும் பால்நிறக் கலங்கல். அந்தக் கலங்கல் எந்தக் கரையில் தொடங்குகிறது என்று பனி உருகும் மாதத்துப் படங்களில் தேடுங்கள். நவம்பர் படம் அதற்கு உதவாது.

பதில் 2

ஒன்று சேர்க்கிறேன். ஏரிக்குள் விழுந்த மொரைன் சுமார் 1.47 கோடி கனமீட்டர். வெளியேறிய தண்ணீர் சுமார் 5 கோடி. ஆனால் அந்த வெள்ளம் வழியில் அரித்து எடுத்த மண்ணும் கல்லும் சுமார் 27 கோடி கனமீட்டர் என்று பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. சுங்தாங்கிலும் அதற்குக் கீழேயும் வீடுகளைப் புதைத்த சேற்றில் பெரும்பகுதி ஏரியைச் சுற்றி இருந்ததல்ல, பள்ளத்தாக்கின் கரைகளிலும் பழைய ஆற்றுத் திட்டுகளிலும் இருந்தது. உங்கள் வரைபடம் ஏரிக்கரையோடு நின்றால் அந்த மக்களுக்குப் பயன்படும் பாதி விடுபட்டுவிடும். குறைந்தபட்சம் சுங்தாங்குக்கு மேலே இருக்கும் லாச்சென் ஊர் வரையாவது கரைத் திட்டுகளை வரையுங்கள்.

கேட்டவர்

எல்லையை லாச்சென் வரை நீட்டிவிட்டேன், வழிகாட்டியும் ஒத்துக்கொண்டார். மொரைனை முகட்டில் வெட்டியதும் சிவப்பு வடகரையின் உட்பக்கத்தில் ஒரு பட்டையாகவும், முனை மொரைனில் (ஏரியின் கீழ்முனையை அடைத்து நிற்கும் மேடு) வெள்ளம் வெளியேறிய வாயின் இரு ஓரங்களிலுமாகச் சுருங்கிவிட்டது. சரிந்த இடத்தில் தாழ்வு இப்போது ஏரியைப் பார்த்துத் திறந்திருப்பது போலத்தான் தெரிகிறது, ஆனால் படத்தில் நிழல் இருக்கிறது.

பதில் 3

அந்தப் பாலிகனுக்கு ‘எட்டக்கூடும், உறுதியில்லை’ என்று கோடிட்ட நிரப்பு கொடுங்கள். சூரியன் உச்சிக்கு அருகே இருக்கும் மே, ஜூன் மாதத்தில் மேகமில்லாத படம் ஒன்று அகப்பட்டால் நிழல் குறைந்திருக்கும், அதை வைத்து முடிவு செய்யலாம்.