ரூம்ல எக்கோ தாங்கல, கம்மி செலவுல பேனல் எப்படி பண்றது?

கரும்பலகை:
வணக்கம். வீட்ல ஒரு ரூம்ல உக்காந்து பசங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு கிளாஸ் எடுக்குறேன். 12க்கு 10 அடி ரூம், உயரமும் 10 அடி, கீழ டைல்ஸ், சுவரெல்லாம் வெறுமையா இருக்கு. "சார் கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு"ன்னு பசங்க சொல்றாங்க. கூம்பு கூம்பா வர்ற ஒரு இஞ்ச் ஃபோம் 12 துண்டு வாங்கி எனக்கு எதிர்ல இருக்குற சுவத்துல ஒட்டினேன், கை தட்டினா வர்ற அந்த டிர்ர்ங்கிற சத்தம் கொஞ்சம் கொறஞ்சுது ஆனா குரல்ல அந்த கும்முனு இருக்குறது அப்படியேதான் இருக்கு, இதுல ரெண்டு துண்டு பெயிண்டோட பிஞ்சு வேற வந்துடுச்சு. வாடகை வீடு, ட்ரில் போட முடியாது. இன்னும் 24 துண்டு ஒட்டினா சரியாகுமா? வெளிய ஹாரன் சத்தமும் கொறையுமா?

மரத்தூள்:
சார் தயவுசெஞ்சு அதையே இன்னும் வாங்காதீங்க. பிரச்சனை எண்ணிக்கைல இல்ல, தடிமன்ல. 1000 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலை ஏறக்குறைய 34 செ.மீ. நீளம், அதுவே 100 ஹெர்ட்ஸ்னா 3.4 மீட்டர். ஆம்பள குரலோட அடி சத்தம் இந்த 100 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் இருக்கும், அத ஒரு இஞ்ச் ஃபோம் எங்க பிடிக்கும்? மேல் சத்தத்த மட்டும் தின்னுட்டு கும்முங்கிறத விட்டுடும், அதான் உங்களுக்கு நடந்திருக்கு.

ராக்வூல் (கல்ல உருக்கி நாராக்கி செய்ற பஞ்சுப் பலகை) ஸ்லாப் கேட்டு வாங்குங்க, கன மீட்டருக்கு 48ல இருந்து 64 கிலோ டென்சிட்டி, 2 இஞ்ச் தடிமன். ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணு வச்சு 4 இஞ்ச் ஆக்கி 2க்கு 4 அடி மரச்சட்டத்துக்குள்ள போட்டு துணி சுத்திடுங்க. துணிய வாயில வச்சு ஊதிப் பாருங்க, காத்து அந்தப் பக்கம் போகணும், ரெக்ஸின் மாதிரி காத்து போகாததுன்னா சத்தம் திரும்பி வந்துடும். சட்டத்துக்கு கால் வச்சு நிக்க வைங்க, ஆணியே வேணாம், சுவத்துல இருந்து 2, 3 இஞ்ச் தள்ளி நின்னா அடி சத்தத்த இன்னும் நல்லாவே பிடிக்கும். வெட்டும்போது மாஸ்க், கிளவுஸ், முழுக்கை சட்டை கட்டாயம், அந்த நார் தோல்ல பட்டா அரிக்கும். பின்பக்கமும் துணி போட்டு மூடிடுங்க.

ஹாரனுக்கு இது உதவாது. உள்ள சுத்துற சத்தத்த உறிஞ்சுறது வேற, வெளிய இருந்து வர்றத தடுக்குறது வேற, அதுக்கு ஜன்னல் கதவு இடுக்குல ரப்பர் பட்டை ஒட்டி அடைங்க.

அலைவரிசை:
கணக்கு வாத்தியார்ங்கிறதால கணக்காவே சொல்றேன். 1895ல ஹார்வர்ட்ல ஒரு லெக்சர் ஹால்ல பேசுறதே புரியலன்னு வாலஸ் சேபின்கிற இளம் பேராசிரியர்கிட்ட குடுத்தாங்க, அவர் பக்கத்து தியேட்டர் சீட் குஷன எல்லாம் தூக்கிட்டு வந்து ராத்திரி ராத்திரியா போட்டு அளந்து கண்டுபிடிச்ச ஃபார்முலா இது: சத்தம் அடங்குற நேரம் = 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். உங்க ரூம் சுமார் 34 கன மீட்டர், வெறும் சுவருக்கு உறிஞ்சல் 3.2 சதுர மீட்டர்னு வச்சா 1.7 செகண்ட். 2க்கு 4 அடி பேனல் 6 வச்சா சுமார் 4 கூடும், நேரம் 0.76க்கு வந்துடும், பாதிக்கும் கீழ! அடுத்த 6 வச்சாலும் 0.5க்குதான் வரும், அதனால முதல் ஆறுலதான் பெரிய லாபம்.

வைக்கிற இடமும் முக்கியம். மைக் உங்களப் பாத்து இருக்கு, அப்போ அது உங்க முதுகுக்குப் பின்னாடி சுவரையும் சேத்துதான் கேக்குது. முதல்ல அங்க வைங்க, அப்புறம் ரெண்டு பக்கமும்.

நிலாமுற்றம்:
சார், செலவு பண்றதுக்கு முன்னாடி வீட்ல இருக்குற தடிமனான ரஜாய் ரெண்ட துணி காயப்போடுற ஸ்டாண்டுல மடிச்சுப் போட்டு பின்னாடி நிறுத்திப் பாருங்க, கீழ ஒரு கம்பளம். நான் கதை ரெக்கார்ட் பண்றது இப்படித்தான். மைக்க வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்கு கொண்டு வாங்க, அதுக்கு பைசா செலவே இல்ல.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன், முட்டை அட்டை, சாதாரண பேக்கிங் ஃபோம் ரெண்டும் வேணாம். முட்டை அட்டை பெருசா எதையும் உறிஞ்சாது, தீப்பிடிச்சா மட்டும் நல்லா எரியும். 2003ல அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல ஒரு நைட்கிளப் சுவத்துல ஒட்டின ஃபோம் பத்திக்கிட்டு 100 பேர் செத்துப்போனாங்க. ராக்வூல் கல்லுல செய்றது, எரியாது.

கரும்பலகை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ரஜாய முதுகுக்குப் பின்னாடி போட்டு மைக்க கிட்ட வச்சு கிளாஸ் எடுத்தேன், நான் ஒண்ணும் சொல்லாமலே ஒரு பொண்ணு "சார் மைக் மாத்திட்டீங்களா"ன்னு கேட்டுச்சு! இப்ப நாலு பேனல் செய்யப் போறேன். மரத்தூள் அண்ணா, சட்டத்துக்கு ப்ளைவுட் முதுகு வைக்கணுமா?

மரத்தூள்:
ப்ளைவுட் வேணாம் சார், பின்னாடி காத்து போற துணி மட்டும் இருக்கட்டும். சுவத்துல பட்டு திரும்புற சத்தம் அந்த வழியா ரெண்டாவது தடவ உள்ள போகணும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் அடிச்சா போதும், கோணாது.