மறுமொழி: மேல வீதி வீடும் புள்ளிக்குப் பத்தாயிரமும்

அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்,

செட்டிநாட்டில் நம் ஊர் வீடுகளைக் காக்கப் பாரம்பரிய ஆணையத்திடம் போகலாம், அதற்குப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான குடும்பம் ஒன்றுக்கு, பத்தாயிரம் ரூபாய் போடுங்கள் என்று அண்ணன் எழுதியதற்கு இது பதில். தங்கச்சி ஊரிலிருந்து அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மேல வீதி வீட்டு முகப்பில் பர்மாத் தேக்குத் தூண் ஒன்றுகூட இல்லை. தூண் நின்ற கல்லில் உளி பட்ட இடம் வெள்ளையாகத் தெரிகிறது. வளவு முற்றத்தில் ஆத்தங்குடித் தரைக் கல்லைப் பெயர்த்துச் சுவரோரம் அடுக்கியிருக்கிறார்கள், விலை பேசியாகிவிட்டது போல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடினால் தூண்கள் அகப்படலாம்.

சரி, அதற்குப் புள்ளிக்குப் பத்தாயிரம் எதற்கு? ஆணையத்தில் சொல்லி ஊரையே காப்பாற்றலாம் என்கிறீர்கள். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் போட்டது, நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. சென்னையில் சிஎம்டிஏவின் (பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின்) பாரம்பரியக் குழுவைக் கேட்காமல் பழைய கட்டடங்களை இடிக்க முடியவில்லை என்றால், 2010இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பும் கட்டடப் பட்டியலும் அதற்குத் துணை. அந்தக் குழுவின் எல்லை சென்னையோடு சரி. 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இருக்கிறதே என்பீர்கள். பின்னால் முன்மொழியலாம் என்ற அளவில்தான் அது, கடப்பாரையைத் தடுக்காது.

நம் வீடுகளை ஆணையத்தின் பட்டியலில் சேர்க்கக் கேட்கப் போனால் கையில் என்ன இருக்கிறது? வரைபடம் இல்லை, பங்காளிகள் கையெழுத்து இல்லை. அந்த வீட்டுக்கு நாற்பது பங்கு. மரத்தை விற்றால் பங்கு போடலாம், வீட்டைப் போட முடியவில்லை. அவ்வளவுதான் கதை.

நகரத்தார் விடுதிக்கு ஓடு மாற்றிய பழைய வசூல் கணக்கு வரட்டும், தருகிறேன்.

– கீழ வீடு, கோலாலம்பூர்

தம்பிக்கு,

கணக்கு நோட்டு காரியஸ்தரிடம் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள். உன் கல்யாணத்துக்கு எங்கள் இரண்டாம் கட்டைத் திறந்துவிட்டபோது நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை. கானாடுகாத்தானில் வீட்டை ஹோட்டலாக்கிப் பிழைக்க வைத்துவிட்டார்கள். நம் பட்டாலைக் கூடத்துச் சுவரில் முட்டை வெள்ளைக்கருப் பூச்சு இன்றைக்கும் முகம் தெரிய மினுக்குகிறது, நாம் பத்தாயிரத்துக்குச் சண்டை போடுகிறோம். ஊர்ப் பெயர் கெடுவது உனக்குப் பெரிதாகத் தெரியவில்லையா?

– சிங்கப்பூர்

அண்ணன்மாருக்கு,

தூண் விற்ற காசில் பெண்பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை என்று சொல்லியாயிற்று. நன்கொடைப் பட்டியலில் மட்டும் என் பெயர் மூன்றாவதாக இருக்கிறது! நிலைக்கதவு இன்னும் பெயர்க்கப்படவில்லை, நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சாவி யாரிடம் என்று இன்று இரவுக்குள் எழுதுங்கள், பணத்தை அப்புறம் பேசலாம்.

– சிகாகோ