வெளிநாட்டு மழலையர் பள்ளியில் ஓராண்டுத் தன்னார்வப் பணி: எதைக் கற்றுக்கொண்டு புறப்பட வேண்டும்?

தொடுவானம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமைப்பு ஒன்றின் வழியாக, ஒரு மழலையர் பள்ளியில் ஓராண்டு பணிபுரியும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. 3 முதல் 5 வயது வரையுள்ள ஏறத்தாழ 40 குழந்தைகளை ஒரே ஓர் ஆசிரியை கவனித்துக்கொள்வதாகவும், நான் அவருக்குத் துணையாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நான் படித்தது கணக்கியல். குழந்தைகள் மீது எனக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு. ஆனால் இந்தப் பணிக்கு அது மட்டும் போதாது என்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

கொஞ்ச நாட்களாகக் குழந்தை வளர்ச்சியைப் பற்றிப் படித்து வருகிறேன். ஃபிரோபெல், மாண்டிசோரி, பியாஜே, வைகாட்ஸ்கி என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றனவே தவிர, காலையில் வகுப்பறைக்குள் நுழைந்ததும் நான் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகவில்லை. அந்நாட்டு மொழியில் எனக்கு நலம் விசாரிக்கும் அளவுக்கு மேல் தெரியாது. பள்ளி நிர்வாகமோ நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பேன் என்று எதிர்பார்க்கிறது. பிள்ளைகள் விரைவில் எழுத்துகளை எழுதிப் பழக வேண்டும் என்பதே பெற்றோரின் விருப்பமாம். புறப்படும் முன் எதைப் படிக்கலாம், போய்ச் சேர்ந்தபின் எதிலிருந்து தொடங்கலாம் என்று இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

சிறுநடை

மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டாம். ஃபிரோபெல் 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறு குழந்தைகளுக்காகத் தொடங்கிய நிலையத்திலும், மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோவில் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் திறந்த இல்லத்திலும் அடிப்படை ஒன்றுதான்: குழந்தை தன் கைகளால் செய்து பார்த்தே அறிகிறது. அந்த வயதுக் குழந்தை எப்படிச் சிந்திக்கிறது என்பதை உளவியலாளர் பியாஜே காட்டினார். தனியாகச் செய்ய முடியாத ஒன்றை, அருகிலிருந்து ஒருவர் அளவாக உதவினால் குழந்தை செய்துவிடும் என்பதையும், கற்பித்தலுக்கு உரிய இடம் அந்த இடைவெளிதான் என்பதையும் இன்னோர் உளவியலாளரான வைகாட்ஸ்கி சொன்னார். துணை ஆசிரியையாகப் போகும் உங்களுக்கு இவர்கள் அனைவரிலும் வைகாட்ஸ்கியே மிகவும் பயன்படுவார் என்பது என் கருத்து.

ஏன் என்பதை ஒரு காட்சியால் விளக்குகிறேன். அகலமான தொட்டியில் தண்ணீர், சில குவளைகள், ஒரு புனல். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி குட்டையான குவளையிலிருந்து ஒடுங்கி உயர்ந்த குவளைக்குத் தண்ணீரை மாற்றுகிறாள். மட்டம் மேலேறியதும் "இப்போது நிறைய ஆகிவிட்டது" என்கிறாள். பயிற்சி இல்லாதவர் உடனே "இல்லை, அதே அளவுதான்" என்று திருத்துவார். அந்த வயதில் அந்தத் திருத்தம் அவளுக்குள் இறங்காது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் உயரத்தையே அவள் அளவாகக் கொள்கிறாள். நன்றாகப் பழகிய ஆசிரியை சற்றுப் பொறுத்திருந்து, "அதைத் திரும்ப இதில் ஊற்றினால் எதுவரை வரும் என்று நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்பார். சிறுமி ஊற்றுவாள், பார்ப்பாள், மறுபடியும் ஊற்றுவாள். அந்தக் கேள்வியையும், கேட்டபின் வாய் திறவாமல் காத்திருப்பதையும் கற்றுக்கொள்வதற்கே ஓராண்டு தேவைப்படும்.

ஆகவே முதல் சில வாரங்கள் கற்பிக்க முயலாமல் கவனியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு குழந்தையைத் தேர்ந்துகொண்டு, பத்து நிமிடம் அது என்ன செய்தது என்பதை மட்டும் குறிப்பேட்டில் எழுதுங்கள். "அடம்பிடிக்கிறாள்" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. "பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டாள், இன்னொருவன் நெருங்கியதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்" என்று எழுதினால், மாலையில் ஆசிரியையுடன் உட்கார்ந்து பேச உங்களிடம் ஒரு செய்தி இருக்கும். கணக்கியல் படித்தவருக்கு உள்ளதை உள்ளபடி பதியும் பழக்கம் இருக்கும் என்பதால், இது உங்களுக்கு எளிதாகவே வரும் என்று நம்புகிறேன்.

எழுத்துப் பயிற்சியைப் பற்றிப் பெற்றோரிடம் பேச ஓர் உடலியல் உண்மை உதவும். மணிக்கட்டில் உள்ள 8 சிற்றெலும்புகளும் குழந்தை பிறக்கும்போது பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக எலும்பாக மாறத் தொடங்கி, கடைசி எலும்பும் உருப்பெறுவதற்குள் பிள்ளைக்கு ஏறத்தாழ 12 வயது நெருங்கிவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தை பென்சிலைக் கைப்பிடிக்குள் அடக்கிப் பிடிப்பது சோம்பலால் அன்று, கை இன்னும் அவ்வளவுதான் வளர்ந்திருக்கிறது என்பதால். களிமண் பிசைவது, மணி கோப்பது, காகிதம் கிழிப்பது, கத்தரிக்கோலால் வெட்டுவது, பெரிய தாளில் தோளிலிருந்து கையை வீசி வரைவது ஆகிய எல்லாமே எழுதுவதற்கான பயிற்சிதான். அதை அப்படியே பெற்றோருக்குக் காட்டுங்கள். "உங்கள் மகன் இன்று மணி கோத்தான், எழுதப்போகும் விரல்கள் இவை" என்று ஆசிரியை சொல்லிக் கேட்ட தாய், மறுநாள் நான்கு கோட்டு நோட்டைப் பற்றிக் கேட்பது அரிது.

கிளிஞ்சல்

இதே போன்ற பணியை முடித்துத் திரும்பியவள் நான். சிறுநடை அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மொழியைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன்.

மொழி தெரியாமல் போவது பெரிய குறைதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. இந்த வயதில் வளர்ச்சியின் பெரும்பகுதி பேச்சுக்குள்தான் நடக்கிறது. குழந்தை சன்னலோரம் ஊரும் எறும்பைச் சுட்டுகிறது. பெரியவர் குனிந்து அதையே பார்க்கிறார், அதன் பெயரைச் சொல்கிறார், காத்திருக்கிறார். குழந்தை இன்னொரு சொல்லைச் சேர்க்கிறது. பெரியவர் அதை நீட்டி ஒரு வாக்கியமாக்கித் திருப்பித் தருகிறார். ஒரு நாளில் பலமுறை நிகழும் இந்தச் சின்னஞ்சிறு கொடுக்கல் வாங்கல்தான் மூளை வளர்ச்சிக்கு உரம் என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. இதைக் குழந்தைக்குத் தெரிந்த மொழியில்தான் செய்ய முடியும். தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைய வேண்டும் என்று யுனெஸ்கோ 1953லேயே பரிந்துரைத்ததற்கும் இத்தகைய காரணமே உண்டு. ஆகவே புறப்படும் முன் உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதியையாவது அந்நாட்டு மொழிக்கு ஒதுக்குங்கள். "இது என்ன?", "எனக்குக் காட்டு", "பிறகு என்ன ஆயிற்று?", "நீ எப்படிச் செய்தாய்?", "வலிக்கிறதா?" ஆகிய ஐந்தையும் தயக்கமின்றிச் சொல்லத் தெரிந்தால், முதல் மாதம் ஓடிவிடும். பெரியவர் ஒருவருக்குச் சொல் சொல்லித்தருவதில் குழந்தைகளுக்கு அளவில்லாத பெருமை. பொருளைத் தூக்கிக் காட்டிப் பெயரைச் சொல்லி, நாம் சரியாக உச்சரிக்கும்வரை விடமாட்டார்கள்.

நிர்வாகம் ஆங்கிலம் கேட்டால், ஒரு நாளில் ஒரு பாட்டு, ஓர் அசைவு விளையாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அது ஆசிரியையின் நேரத்தைப் பிடுங்கும் வேலையாகிவிடும்.

இன்னொன்று, அங்கே உங்களைவிடக் கூடுதலாக அறிந்தவர் அந்த ஆசிரியைதான். நான் பணிபுரிந்த பள்ளியின் ஆசிரியை எந்தச் சான்றிதழ்ப் படிப்பும் முடிக்காதவர். ஆனால் காலையில் வாசலில் அவர் நிற்கும் விதத்தையே நான் நாள்தோறும் பார்த்துப் படித்தேன். அழும் குழந்தையைத் தாயின் கையிலிருந்து அவர் பறிக்கமாட்டார், குழந்தையின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, முந்தின நாள் அது அரைகுறையாக விட்டுப்போன ஒன்றைப் பெயர் சொல்லி நினைவூட்டுவார், "உன் கோபுரத்தை யாரும் கலைக்கவில்லை, வந்து பார்." தாய் ஒளிந்து நழுவிப்போகாமல் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதிலும் கண்டிப்பாக இருந்தார். பிரிவுத் துயரைப் பற்றி நான் படித்திருந்தவற்றையெல்லாம் அவர் ஏட்டறிவின்றியே நாள்தோறும் செய்துகொண்டிருந்தார்.

ஓராண்டில் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அவர் இருப்பார், பெற்றோர் இருப்பார்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986–87இல் தொடங்கிய ஆய்வைத் தேடிப் படியுங்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு, உள்ளூர்ச் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் சென்று, வீட்டிலேயே செய்யக்கூடிய விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு குழந்தையோடு விளையாடும் முறையைத் தாய்மாருக்குக் காட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த உதவியைப் பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களின் வருமானத்தைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. வெளியிலிருந்து வந்த வல்லுநர் யாரும் அந்தக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தவில்லை. தாயின் கையில் ஒரு பழக்கம் தங்கியது, அவ்வளவுதான். உங்கள் உழைப்பும் ஆசிரியையின் கையிலும் பெற்றோரின் கையிலும் தங்குமாறு அமைய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சுவரில் ஒட்டும் படங்களைவிட, அவரோடு சேர்ந்து அட்டையிலும் மூடிகளிலும் செய்துவைக்கும் பொருள்கள் நீடிக்கும். தொலைந்தாலும் அவரே மீண்டும் செய்துகொள்வார்.

அகல்விளக்கு

குழந்தைகள் பாதுகாப்பைப் பற்றி இதுவரை யாரும் குறிப்பிடாததால் சுருக்கமாக எழுதுகிறேன். உங்களை அனுப்பும் அமைப்பு காவல்துறைச் சான்று, குழந்தைகள் பாதுகாப்பு உறுதிமொழி ஆகியவற்றை உங்களிடம் கேட்டதா? கேட்கவில்லை என்றால் அதைக் கவலைக்குரிய செய்தியாகவே கொள்ளுங்கள். எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனித்திருக்க வேண்டாம். கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதை ஆசிரியையின் ஏற்பாட்டுக்கு விட்டுவிடுங்கள். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரின் ஒப்புதலின்றி எங்கும் பகிராதீர்கள்.

பள்ளிக்குப் பதிலாகக் குழந்தைகள் காப்பகத்துக்கு மாற்றுவதாக யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். மாறிமாறி வரும் அன்பான முகங்களோடு ஒட்டி, மீண்டும் மீண்டும் பிரிவது அங்கேயே வாழும் குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு. நிலையான ஒருவரின் அன்பு இளங்குழந்தைக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை உளமருத்துவர் ஜான் பௌல்பி 1951லேயே உலக சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கையில் எழுதிவிட்டார்.

தொடுவானம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மொழி வகுப்பில் இன்றே சேர்ந்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. 40 குழந்தைகள் இருக்கும் அறையில் ஒவ்வொருவரோடும் அப்படிப் பேசுவது நடைமுறையில் இயலுமா? அடுத்தது சற்று வருத்தமானது: அந்தப் பள்ளியில் முன்பு இருந்த தன்னார்வலர், குழந்தைகளை அடிக்கும் வழக்கம் அங்கே உண்டு என்று சொன்னார். விருந்தினராகப் போகும் நான் அதை எப்படி எதிர்கொள்வது?

சிறுநடை

ஒரே நேரத்தில் 40 பேரோடு பேச இயலாது. அதற்காகத்தான் இரண்டாவது ஆளாக நீங்கள் போகிறீர்கள். ஆசிரியை பெருங்குழுவோடு பாட்டோ கதையோ நடத்தும்போது, நீங்கள் ஐந்தாறு பேரைத் தண்ணீர்த் தொட்டிக்கோ கட்டைகளுக்கோ அழைத்துச் செல்லலாம். பிறகு குழுவை மாற்றலாம். கை கழுவும் வரிசை, உணவு வேளை, செருப்பு மாட்டும் நேரம் ஆகியவை வீணாகும் நேரங்கள் போலத் தோன்றும். உண்மையில் தனித்தனியாகப் பேசக் கிடைக்கும் நல்ல வாய்ப்புகள் அவையே. வாயே திறக்காத குழந்தைகளின் பெயர்களைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து, அவர்களிடம் நாள்தோறும் முதலில் செல்லுங்கள். கூப்பிட்டால் திரும்பாத குழந்தை இருந்தால், அடங்காத பிள்ளை என்று முடிவுகட்டாமல், காது கேட்கிறதா என்று பார்க்கும்படி ஆசிரியை வழியாகப் பெற்றோரிடம் சொல்லச் செய்யுங்கள்.

அடிப்பதைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லை. அதை நாட்டுக்கு நாடு மாறும் வழக்கம் என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989இல் நிறைவேறியது. அதன் 19ஆம் பிரிவு குழந்தையை எல்லா வகை வன்முறையிலிருந்தும் காக்கச் சொல்கிறது. உடல்சார்ந்த தண்டனைக்கும் அது பொருந்தும் என்பதை உடன்படிக்கையின் நடைமுறையைக் கண்காணிக்கும் குழு 2006இல் வெளியிட்ட 8ஆவது விளக்கவுரை (பொதுக்கருத்து) ஐயத்துக்கிடமின்றி உறுதிசெய்கிறது. ஆனால் குழந்தைகளின் முன்னிலையில் ஆசிரியையைக் கண்டித்தால், அவர் உங்களிடமிருந்து விலகிப்போவார்; அடி மட்டும் நிற்காது. அந்த நொடியில் குழந்தையின் அருகே சென்று நின்று, அதை வேறொரு வேலைக்கு மெல்ல அழைத்துச் செல்லுங்கள். மாலையில் அவரோடு தனியாகப் பேசுங்கள், அவருடைய களைப்பைப் பற்றியும் பேசுங்கள். ஒற்றை ஆளாக 40 பேரை நீண்ட நேரம் அசையாமல் உட்காரவைக்க வேண்டிய கட்டாயத்தில்தான் பெரும்பாலும் கை ஓங்குகிறது. உட்காரும் நேரத்தைக் குறைத்து, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது பாட்டு ஒன்றைப் பழக்கிவிட்டால், அடிக்கும் தருணங்களே குறைவதை நான் பல வகுப்பறைகளில் கண்டிருக்கிறேன்.

காயம் ஏற்படுகிற அளவுக்கோ, ஒரே குழந்தையைக் குறிவைத்தோ நடந்தால் பேச்சோடு நிறுத்தக் கூடாது. அத்தகைய நிலையில் யாரிடம் தெரிவிப்பது, அவர் எத்தனை நாளில் பதில் தருவார், தெரிவித்தபின் அந்தக் குழந்தைக்கு யார் பொறுப்பு என்ற மூன்றையும், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே உங்கள் அமைப்பிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.