கொரியாவுக்கு புதுசா வந்திருக்கற நம்ம ஆளுங்களுக்கு: சர்ச், சமையல், ஞாயித்துக்கிழமை

ரெண்டு மூணு பேர் ஒரே கேள்விதான் கேட்டிருக்கீங்க, தமிழ் ஆராதனை எங்க நடக்குது, இங்கிலீஷ் சர்ச் எங்க இருக்கு, அதுக்கு பக்கத்துலயே வீடு பாக்கலாமான்னு. தனித்தனியா பதில் போட நேரமில்ல, எல்லாத்தையும் இங்கயே கொட்டிடறேன். நான் நாசரேத் பக்கம், சிஎஸ்ஐ. வீட்டுக்காரர் லேப் வேலைக்கு வந்தாரு, சியோலுக்கு தெக்க இருக்கற சுவோன்ல இது எங்களுக்கு ஏழாவது வருஷம். முதல் ஒன்றரை வருஷம் நானும் உங்கள மாதிரிதான், ஞாயிறு ஆனா கைக்குழந்தைய தூக்கிட்டு சியோலுக்கு ஓட்டம், போக ஒன்றரை மணி வர ஒன்றரை மணி, ஆராதனை முடிஞ்ச கையோட எல்லாரும் அவங்கவங்க ட்ரெயினுக்கு பறந்துடுவாங்க, யார்கூடயும் உக்காந்து ஒரு வாய் சோறு தின்னதில்ல. அதனால சொல்றேன், வீட்ட சர்ச்சுக்காக பாக்காதீங்க. மாசத்துல ஒரு ஞாயிறு தமிழுக்கோ இங்கிலீஷுக்கோ வெச்சுக்கோங்க, மிச்ச ஞாயிறெல்லாம் வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல இருக்கற கொரியன் சர்ச்சுக்கு போங்க. பிரசங்கம் ஒரு வார்த்த புரியாது. பரவால்ல, சாப்பாட்டுக்கு இருந்துட்டு வாங்க.

சர்ச் கண்டுபிடிக்கறது கஷ்டமே இல்ல. ராத்திரி ஜன்னலத் தொறந்தா செவப்பு நியான் சிலுவை நாலஞ்சாவது தெரியும். 2015 கணக்கெடுப்புப்படி நூத்துக்கு கிட்டத்தட்ட 20 பேர் புராட்டஸ்டண்ட், 8 பேர் கத்தோலிக்கர். ஆனா மேப்ல தேடறப்ப ஒண்ணு கவனிங்க, புராட்டஸ்டண்ட் சர்ச்சுக்கு பேரு கியோஹே, கத்தோலிக்க கோயிலுக்கு சொங்தாங். ரெண்டும் வேற வேற வார்த்த, மாத்தித் தேடுனா கிடைக்காது. கடவுள் பேருகூட வேற, இவங்க ஹனனிம்னு சொன்னா அவங்க ஹனுனிம். நம்ம ஊர்ல கர்த்தர்னு ஆரம்பிச்சா எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடுமே, அதே கதைதான். பாஸ்டர் மொக்சாநிம், ஃபாதர் ஷின்பூநிம். சிஎஸ்ஐ ஆளுங்க சொங்கொங்ஹேன்னு தேடுங்க, அதுதான் ஆங்கிலிக்கன், எண்ணிக்கை கம்மி, சியோல் சிட்டி ஹால் பக்கத்துல இருக்கற அவங்க கதீட்ரல்ல இங்கிலீஷ் ஆராதனையும் உண்டு. கத்தோலிக்கருக்கு ம்யொங்தொங் கதீட்ரல், 1898ல கட்டி முடிச்சது, அங்கயும் இங்கிலீஷ் பூசை இருக்கு. சொங்தாங்ல நெறைய பொம்பளைங்க தலையில வெள்ள வலைத்துணி போட்டு உக்காந்திருக்கறத பாத்தா ஊர்ல முக்காடு போட்ட ஞாபகம் வரும். பெந்தெகொஸ்தே தம்பிமாருக்கு யொய்தோ சர்ச் பத்தி நான் சொல்லணுமா என்ன, 1958ல ஆரம்பிச்சது, உலகத்துலயே பெரிய சபைகள்ல ஒண்ணு. ஒரு தடவ போய் பாருங்க, ஆனா அந்தக் கூட்டத்துல நீங்க வந்தீங்களா வரலியான்னு எவனுக்கும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை, முக்கியமா தனியா வந்திருக்கற படிக்கிற பிள்ளைங்களுக்கு. சப்வே வாசல்ல ரெண்டு பேரா சிரிச்ச மொகமா வருவாங்க, சர்வேம்பாங்க, கல்ச்சர் கிளாஸ்ம்பாங்க, ரெண்டு நாள் கழிச்சு பைபிள் ஸ்டடின்னு ஒரு காஃபி கடைக்கு கூப்பிடுவாங்க. எந்த சபைன்னு நேரா கேளுங்க. மழுப்புனா ஏதோ மறைவான மதக்குழுவுக்கு ஆள் பிடிக்கறவங்களா இருக்கலாம், நம்பர் குடுக்காதீங்க. இங்க உள்ள சபைகளே வாசல்ல நோட்டீஸ் ஒட்டி வெச்சிருக்காங்க, அந்த மாதிரி ஆளுங்க உள்ள வரக்கூடாதுன்னு. நான் நல்லவங்கன்னு நெனச்சு நம்பர் குடுத்து, அப்புறம் மூணு மாசம் போன எடுக்காம ஒளிஞ்சு திரிஞ்சேன்.

ஆராதனைக்கு வருவோம். முதல் நாள் உங்கள எழுப்பி நிக்க வெச்சு எல்லாரும் கைய நீட்டி பாட்டு பாடுவாங்க, கூச்சமா இருக்கும், சிரிச்சுட்டு நில்லுங்க. பாட்டு ராகம் பாதி நமக்கு தெரிஞ்சதுதான், கீர்த்தனைதான் கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்துல சத்தமா ஜெபிக்கறது உண்டு, "ஜுயோ"ன்னு மூணு தடவ கத்திட்டு ஆரம்பிப்பாங்க, கர்த்தாவேன்னு அர்த்தம், அந்த நேரத்துல நீங்க தமிழ்ல அழுது ஜெபிச்சாலும் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. எனக்கு இந்த சபைமேல பிடிப்பு வந்ததே அதுலதான். சேப்யொக் கிதோன்னு விடியக்கால ஜெபம், அஞ்சு அஞ்சரைக்கு, தினமும். நான் ஒரு வாரம் போனேன், ஆறாவது நாள் தூங்கிட்டேன், அதுக்கப்புறம் போகல. எண்பது வயசு பாட்டி ஒருத்தங்க பனியில குச்சி ஊனிட்டு போறத ஜன்னல் வழியா பாத்துட்டு மறுபடி போர்வைய இழுத்துக்குவேன், உண்மைய சொல்றதுக்கென்ன.

இப்ப சாப்பாடு. பெரும்பாலான சபையில ஆராதனை முடிஞ்சு கீழ்த்தளத்துல மதிய சாப்பாடு உண்டு. சோறு, கிம்ச்சி, ஒரு சூப், சில நாள் பிபிம்பாப், அதாவது காய்கறி போட்டுக் கலக்கற சோறு. ஊர்ல அசனம், அதான் கோயில் விருந்து, வருஷத்துக்கு ஒரு தடவ, இங்க வாராவாரம் அசனம்னு வெச்சுக்கோங்க, பட்டைச் சாதம் மட்டும் கிடையாது. சாப்பிட்டுட்டு தட்ட வெச்சுட்டு கிளம்பிடாதீங்க, நேரா சமையக்கட்டுக்கு போய் ரப்பர் கையுறை மாட்டிட்டு பாத்திரம் கழுவற இடத்துல நின்னுடுங்க. மொழி தெரியாதவளுக்கு அதவிட நல்ல அறிமுகம் இல்ல. அங்க நிக்கறவங்களுக்கு சபையில பதவிப்பேர் உண்டு, ஜிப்சாநிம், அதுக்கு மேல மூத்த பொம்பளைங்க க்வொன்சாநிம். பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, பதவிப்பேரே போதும். அம்மா அப்பா ரெண்டு மொழிக்கும் ஒண்ணுதான்னு யூடியூப்ல பாத்துட்டு வந்து பேச ஆரம்பிச்சீங்கன்னா அந்த ரெண்டு வார்த்தையோட கதை முடிஞ்சிடும், அதனால முதல்ல இந்தப் பதவிப்பேர மனப்பாடம் பண்ணுங்க.

எங்க சபை க்வொன்சாநிம் ஒருத்தங்களாலதான் என் வீட்டு சமையல் உருப்பட்டுச்சு. முதல் கிறிஸ்மசுக்கு முறுக்கு சுடலாம்னு மார்ட்ல அரிசி மாவு வாங்குனேன். வாங்குனது சாப்சால் மாவு, அதாவது பசை அரிசி. எண்ணெய்ல விட்டதும் புஸ்ஸுன்னு ஊதுச்சு, ஒண்ணு வெடிச்சு எண்ணெய் கையில தெறிச்சுது, எடுத்து தின்னா ஜவ்வு மிட்டாய். நமக்கு வேண்டியது மெப்சால், பசையில்லாத சாதா அரிசி. இந்தக் கதைய போன்ல படம் காட்டி அந்த அம்மாகிட்ட சொன்னப்ப வயித்தப் பிடிச்சு சிரிச்சுட்டு மறுநாளே என்னை பாங்காட்கானுக்கு கூட்டிட்டுப் போனாங்க. நம்ம மாவு மில்லுதான், மார்க்கெட் தெருவுல இருக்கும், மொளகாத்தூள் அரைப்பாங்க, எள்ளு எண்ணெய் ஆட்டுவாங்க, ஊறவெச்ச அரிசிய ஈரத்தோட மாவாக்கித் தருவாங்க. ஈர மாவு! அதிரசத்துக்கும் இடியாப்பத்துக்கும் அதுதானே வேணும். அரிசிய ராத்திரி ஊறவெச்சு காலைல வடிச்சு எடுத்துட்டுப் போங்க. ஒண்ணே ஒண்ணு, அவங்க அவங்க ஊர் பலகாரத்துக்குன்னு நெனச்சு உப்பப் போட்டு அரைச்சிடுவாங்க, "சோகும் பே ஜுசெயோ"ன்னு முதல்லயே சொல்லிடுங்க, உப்பு வேண்டாம்னு அர்த்தம். உப்பு போட்ட அதிரசம் நான் தின்னிருக்கேன். அந்த எள்ளு எண்ணெய் நல்லெண்ணெய் ஆகாது, எள்ள வறுத்து ஆட்டறது, இட்லிப் பொடிக்கு ஊத்துனா பொடி வாசனையே தெரியாது.

இட்லி மாவு குளிர்காலத்துல புளிக்காதுன்னு புலம்பறவங்களுக்கு, உங்க வீட்டுத் தரையே அடுப்பு. தரைக்கடியில சுடுதண்ணி ஓடுது, பாய்லர் போட்டுட்டு பாத்திரத்துக்கு அடியில மடிச்ச துண்டு வெச்சு மேல போர்வ போத்தி விட்டா காலைல பொங்கி நிக்கும். துண்டு இல்லாம வெறுந்தரையில வெச்சா அடி மாவு வெந்துடும், அனுபவம். உளுந்து, பருப்பு, புளி, பாஸ்மதிக்கு சியோல் ஆளுங்க இதேவொன் மசூதித் தெரு, இந்தப் பக்கம் இருக்கறவங்க ஆன்சான் வொன்கொக்தொங் தெரு, சுவோன்ல இருந்து ஒரே ட்ரெயின், மாறவேண்டாம். மார்ட் மொளகாத்தூள நம்பி காரம் போடாதீங்க, நிறம் மட்டும்தான் வரும், காரத்துக்கு சொங்யாங் பச்சமொளகா. தயிர் வாங்கும்போது மு-கதாங்னு போட்டிருக்கான்னு பாருங்க, சக்கரை சேக்காததுன்னு அர்த்தம், இல்லன்னா தயிர்சாதம் வெனிலா வாசனையில வரும்.

மீன் விஷயத்துல நாம அதிர்ஷ்டசாலிங்க. கோதுங்கொன்னா அயிலை ஜாதி, குழம்புக்கு அருமை, ஆனா உப்புப் போட்டதும் பக்கத்துலயே விப்பான், கேட்டு வாங்குங்க. கல்ச்சின்னா வாளை, வெல கொஞ்சம் கடிக்கும். ம்யொல்ச்சி நம்ம நெத்திலிக் கருவாடேதான், பெரிய சைசு சூப்புக்குன்னு விப்பாங்க, தலையையும் குடலையும் கிள்ளிட்டு கத்திரிக்கா போட்டு குழம்பு வெச்சா எங்கம்மா வெச்ச மாதிரியே இருக்கும். முருங்கைக்கீரை வேணுமா, ஞாயித்துக்கிழம ஹெஹ்வா கத்தோலிக்க கோயில் பக்கம் பிலிப்பைன்ஸ்காரங்க தெருச்சந்தை போடுவாங்க, பூசைக்கு வர்ற அவங்க சனத்துக்காக. உறைய வெச்ச பாக்கெட்டுல கிடைக்கும்.

புது வீட்டுக்கு சபையில இருந்து ஜெபிக்க வருவாங்க, கையில பெரிய டாய்லெட் பேப்பர் கட்டும் துணி சோப்புத்தூளும் இருக்கும். கோவிச்சுக்காதீங்க, ரோல் உருள்ற மாதிரி காரியமெல்லாம் தடையில்லாம போகணும், நுரை மாதிரி செல்வம் பெருகணும்னு வாழ்த்து. எங்க வீட்டுக்கு வந்தப்ப நான் பழமும் சாம்பாரும் வெச்சேன், மொக்சாநிம் சாம்பார சூப்புன்னு நெனச்சு கிண்ணத்தோட தூக்கிக் குடிச்சுட்டு இன்னொண்ணு கேட்டாரு.

வெளிய போகணும்னா முதல்ல சியோல்ல இருக்கற ஹப்ஜொங். 1885 ஏப்ரல் 5, ஈஸ்டர் அன்னைக்கு இஞ்சொன்ல வந்து எறங்குன அண்டர்வுட் முதற்கொண்டு அந்தக் காலத்து மிஷனரிமார் கல்லறை அங்க யாங்ஹ்வாஜின்ல இருக்கு. பாளையங்கோட்டைல மிஷனரி கல்லறை பாத்து வளந்த நமக்கு அது புதுசில்ல, ஆனா ஒரு ஓரத்துல கைக்குழந்தைங்களோட சின்னச் சின்ன கல்லா வரிசையா நிக்கும், அங்க என்னால ரொம்ப நேரம் நிக்க முடியல. சனிக்கிழம போங்க, ஞாயிறு உள்ள விட மாட்டாங்க. பக்கத்துக் குன்று ஜொல்துசான், தலை வெட்டின மலைன்னே பேரு, 1866 கலாபனைல, அதாவது மதத் துன்புறுத்தல்ல, கத்தோலிக்கர வெட்டுன எடம். முடிச்சுட்டு மங்வொன் மார்க்கெட்ல ஏதாவது வாங்கிட்டு ஹான் ஆத்தங்கரைல உக்காருங்க, அங்க கடையில மெஷின்லயே ராம்யொன் நூடுல்ஸ் வெந்து வரும், பிள்ளைங்களுக்கு மிஷனரி கதையவிட அதுதான் ஞாபகம் இருக்கு. இன்னொரு நாள் காங்ஹ்வா தீவு. 1900ல கட்டுன ஆங்கிலிக்கன் கோயில், வெளிய ஓட்டுக்கூரையோட புத்தர் கோயில் மாதிரி, உள்ள போனா தூண் வரிசையும் பலிபீடமுமா நம்ம கோயில்.

பெரிய வெள்ளி லீவு கிடையாது, கிறிஸ்மஸ் லீவு. வீடு வீடா கேரல் போறது அபார்ட்மெண்ட் சத்தப் பிரச்சனையில ஏறக்குறைய நின்னுடுச்சு. ஆனா டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை உண்டு, முடிச்சு கூடையில கைய விட்டு வசன அட்டை எடுக்கறதும் நெறைய சபையில உண்டு. வாக்குத்தத்த வசனம்! முதல் வருஷம் எனக்கு வந்தது புரியாம, வீட்டுக்கு வந்து ராத்திரி ரெண்டு மணிக்கு தமிழ் பைபிள்ல அதிகாரம் எண்ண வெச்சு தேடிப் படிச்சோம்.

இனிமேதான் ஊர்ல இருந்து கிளம்பறவங்க கறி ஊறுகா, பழம், பச்சை கறிவேப்பிலை எதையும் பெட்டியில வெக்காதீங்க, ஏர்போர்ட்ல பிடிப்பாங்க, கறி ஐட்டத்துக்கு அபராதம் ரொம்பப் பெருசு. இடியாப்ப அச்சு எடுத்துட்டு வாங்க, இங்க கிடைக்கல. சுவோன் பக்கம் வர்றவங்க ரெண்டா எடுத்துட்டு வந்தா ஒண்ணு அந்த க்வொன்சாநிம்க்கு, போன ஈஸ்டர்ல இருந்து என்னோடத வாங்கிட்டுப் போனவங்க இன்னும் திருப்பித் தரல.