அம்மாவின் பிரஷர்: எந்த அளவைக் குறித்துவைப்பது?

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். அம்மா காலையில் தெருக்குழாயில் குடம் பிடித்து மாடி ஏறி வந்த கையோடு பார்த்தால் 160/94. மதியம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 128/80. தங்கையின் கல்யாணப் பேச்சை எடுத்தால் போதும், மறுபடி எகிறுகிறது. பட்டை இறுகும்போதே மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டிக்கொண்டிருப்பார். பேசினாலே அளவு கூடும் என்றால் யார் கேட்பது! காபி குடித்து அரை மணி நேரமாவது கழித்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். சரி, டாக்டரிடம் காட்டும் நோட்டில் எகிறிய அளவுகளையும் எழுதலாமா? அப்புறம், 24 மணி நேரம் கையில் கட்டிவிட்டு அளக்கும் கருவி இங்கே எங்கே, எவ்வளவுக்குக் கிடைக்கும்? ராயபுரம் தாண்டி அம்மா வரமாட்டார்.