மறுமொழி: தமனி விறைப்பா, இறுக்கமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாயான தமனியின் சுவர் நெகிழ்வை இழப்பதற்கு (arterial stiffness) தமிழ்ச்சொல் தேடும் நம் குழு உரையாடலுக்கு என் பதில் இது.

> ‘தமனி இறுக்கம்’ போதுமே, எல்லோருக்கும் புரிகிறதே?

புரிகிறது, ஆனால் வேறொன்று புரிகிறது. இறுக்கம் என்றதும் குழாய் குறுகிவிட்டது, ரத்தம் போக வழியில்லை என்றுதான் மனம் போகும். நாம் பெயர் தேடுவதோ வழி திறந்தே இருந்தும் சுவர் விரிந்துகொடுக்க மறுக்கும் நிலைக்கு. உட்சுவரில் கொழுப்புப் படிவது வேறு நோய். அதற்குத் ‘தமனித் தடிப்பு’ புழக்கத்தில் இருக்கிறது. (இயந்திர மொழிபெயர்ப்பின் புண்ணியத்தில் அது ‘பெருந்தமனி தடிப்புத் தோல் அழற்சி’ என்றும் உலவுகிறது. தோல் நோய் எப்போது தமனிக்குக் குடிபெயர்ந்ததோ!)

‘விறைப்பு’ பொருளளவில் சரிதான். ஆனால் மருத்துவக் கட்டுரைகளில் ஆண்மைக்குறைவுப் பகுதி அச்சொல்லை எப்போதோ பட்டா போட்டுக்கொண்டது. ‘மீட்சியின்மை’யை இயற்பியல் ஆசிரியர்கள் விடமாட்டார்கள், ரப்பரைவிட எஃகுக்கே மீட்சி அதிகம் என்பது பள்ளிப் பாடம். எளிதில் விரியாததை மீட்சியில்லாதது என்றால் அவர்கள் ஒப்பமாட்டார்கள்.

சுவருக்குள் நடப்பதைப் பாருங்கள். பெருந்தமனியின் நடுவடுக்கில் உள்ள, இழுத்தால் நீண்டு மீளும் எலாஸ்டின் என்ற புரத இழைகள் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவானவை. பிறகு உடல் அவற்றைப் புதிதாகச் செய்வது மிகக் குறைவு. துடிப்புக்குத் துடிப்பு விரிந்து சுருங்கிப் பல்லாண்டுகளில் அவை அறுபடுகின்றன. சுமை எளிதில் இழுபடாத கொலாஜன் நார்களின் மேல் விழுகிறது. நீரிழிவில் அந்நார்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ள, கால்சியமும் வந்து படிகிறது. இளமை போய் நார் ஏறுவதற்குத் தமிழில் சொல் இல்லாமலா? காய் முற்றுகிறது என்கிறோமே! என் பரிந்துரை: ‘தமனி முற்றல்’.

மரம் வைரம் பாய்வதையும் யோசித்தேன். அது பாராட்டுச் சொல்லாகிவிட்டது. ‘வைரம் பாய்ந்த தமனி’ என்றால் நோயாளி மகிழ்ந்து வீட்டுக்குப் போய்விடுவார். ‘நோய் முற்றியது’ என்பதோடு குழம்பும் என்பீர்கள். அங்கே முற்றுவது நோய், இங்கே தமனி, எழுவாயே காப்பாற்றிவிடும்.

தமனி முற்றலை அளக்கும் அளவைக்குத் ‘துடிப்பலை வேகம்’ (pulse wave velocity) என்று குழுவில் முன்பே ஒருவர் தந்தது நன்று. இதயத் துடிப்பு எழுப்பும் அலை தமனி வழியே பரவும் வேகம் அது. ‘ரத்த ஓட்ட வேகம்’ என்று எழுதினால் பிழை. கழுத்திலிருந்து தொடை வரை அலை நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் போனால் தமனி முற்றியிருக்கிறது என்று கொள்கிறார்கள். ரத்தம் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வந்த தொகுப்பாய்வு ஒன்றில், இவ்வேகம் நொடிக்கு 1 மீட்டர் கூடும்போது மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதயநாள நிகழ்வுகளின் இடர் சுமார் 14 விழுக்காடு கூடியது. Risk factorக்கு ‘இடர்க்காரணி’ என்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் முற்றலை முதன்மையாக முடுக்குபவை வயதும் ரத்த அழுத்தமும். கொழுப்பின் பங்கு சிறிது. தமனி முற்றல், தமனித் தடிப்பு இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்தக் குழாய்கள் முதுமையடைவதற்கு (vascular ageing) ‘நாள மூப்பு’ மட்டும் வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் நாடி என்பதே தமனி, நாளம் என்பது சிரை, அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். அங்குள்ளவர் தலைகீழாகப் படிப்பார். மேலே நானே ‘இதயநாள’ என்று எழுதியிருக்கிறேன், பழக்கம் விடவில்லை. ‘குருதிக்குழாய் மூப்பு’ எவரையும் குழப்பாது.

வயதுக்கு முன்பே வரும் மூப்புக்கு ‘இளமூப்பு’ எனலாம். என் மனம் ‘வெம்பல்’ மீதுதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ‘உங்கள் தமனி வெம்பிவிட்டது’ என்று எந்த மருத்துவர் சொல்வார்? குழுவில் உள்ள மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்.